காக்கா சொன்ன ‘இருக்கட்டும்’

என் காக்கா, அதாவது அண்ணன், யாரையும் வாய்விட்டு ஏசி நான் கேட்டதில்லை. கை நீட்டி அடித்ததும் இல்லை. ஊரில் விசாரித்தால் தங்கமான மனிசன், கோபமே வராது என்பார்கள். கூடப்பிறந்த தங்கச்சி எனக்கு அதைக் கேட்கச் சிரிப்பு வரும். கோபம் வராத மனிதரல்ல அவர். வந்த கோபத்தைப் போகவிடாத மனிதர். எனக்கும் அந்தக் குணம் உண்டு. ஆனால் எனக்கு வாய் இருக்கிறது, கொட்டிவிடுவேன். அவர் கொட்டமாட்டார்.

அவருடைய கோபத்துக்கு ஒரே ஒரு சொல்தான். யாராவது அவருக்கு ஒரு கெடுதல் செய்துவிட்டு, பிறகு சங்கடப்பட்டு முகத்தைப் பார்த்தால், “இருக்கட்டும்” என்பார். சிரித்த முகத்தோடு சொல்வார். கேட்டவர், போகட்டும் விடுங்கள் என்று அவர் பெருந்தன்மையாகச் சொன்னதாக எடுத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார். எங்கள் வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான் அதன் அர்த்தம் தெரியும். இருக்கட்டும் என்றால் இருக்கட்டும்தான். என்னிடமே இருக்கட்டும், வேளை வரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்பது அதன் மிச்சம்.

எங்கள் ஊர் கல்முனைக்குத் தெற்கே, கடலுக்கும் களப்பு என்கிற உப்பங்கழிக்கும் நடுவில் கிடக்கும் ஒரு மணல் துண்டு. கடலில் வலை இழுப்பவர்கள் ஒரு பக்கம், மேற்கே வயல் செய்பவர்கள் மறுபக்கம். காக்கா இரண்டிலும் சேராதவர். வெளியூர் ஆட்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போவதுதான் அவர் தொழில். எழுபதுகளின் கடைசியில் கொழும்பிலிருந்தும் வெள்ளைக்கார நாடுகளிலிருந்தும் ஆட்கள் இந்தக் கரைக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். கடற்கரையோரமாகச் சின்னதாக ஒரு தங்கும் விடுதி கட்டி வைத்திருந்த முதலாளி ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். அவரிடம் ஜீப் இருந்தது, தோணிகள் இருந்தன. மீன் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப்போகத்தான் ஆள் இல்லை. அதற்குக் காக்காவைப் பிடித்துக்கொண்டார்.

விடியற்காலையில் சுபஹுத் தொழுததும் புறப்படுவார்கள். களப்பைக் கடந்து, கண்ணா மரங்கள் இரண்டு பக்கமும் கவிந்து நிற்கும் ஓடைக்குள் நுழைந்து, தோணி தரை தட்டுகிற இடத்தில் இறங்கித் தள்ளி, மேற்கே காட்டோரக் குளங்கள்வரை போவார்கள். அங்கே தங்குவதற்கு ஒரு வாடி கட்டியிருந்தார்கள். ஓடைவாயில் கொடுவா கிடைக்கும், குளத்தில் விரால் கிடைக்கும். இடையில் முதலை கிடக்கும், யானை வரும். வெள்ளைக்காரர்கள் சிலர் பிடித்த மீனைக் கையில் ஏந்திப் படம் எடுத்துவிட்டு, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் காக்காவின் முகத்தில் எரிச்சல் தெரியும். பிடித்த ஒன்றை விடுவது அவருக்கு விளங்காத காரியம்.

ஒருமுறை கொழும்பு ஐயா ஒருவர் வந்தார். குளக்கட்டில் துண்டை விரித்துக் காக்கா அஸர் தொழுதுகொண்டிருந்தபோது, அந்த ஐயா பகிடிக்காகத் துடிக்கிற மீன் ஒன்றைத் தூக்கி அவர் நெற்றி வைக்கும் இடத்தில் போட்டார். கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காக்கா தொழுகையை முடித்துக்கொண்டு எழும்பி, மீனை எடுத்துக் கூடைக்குள் போட்டார். ஐயாவுக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட, குறை நினைக்காதே என்று சொன்னார். காக்கா சிரித்த முகத்தோடு சொன்னார், இருக்கட்டும் ஐயா என்று.

மறுநாள் அந்த ஐயாவைத் தனியாக ஒரு தோணியில் ஏற்றி, பார்க்க மிக அழகான ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனார். தாமரை பூத்துக் கிடக்கும், கொக்கு நிற்கும், தண்ணீர் பளபளக்கும். ஆனால் கோடையில் அங்கே மீன் தங்காது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவரை அங்கேயே வைத்திருந்தார். குடை பிடித்தார், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார், இரை மாற்றிக் கொடுத்தார், கொஞ்சம் பொறுங்கள் ஐயா இப்போது வரும் என்று வாய் ஓயாமல் உற்சாகப்படுத்தினார். அந்த மனிதர் வெயிலில் தோல் உரிந்து, ஒரு மீன்கூட இல்லாமல் திரும்பி வந்தார். வந்தும், இப்படி ஒரு மரியாதையான ஆளை நான் கண்டதில்லை என்று முதலாளியிடம் புகழ்ந்துவிட்டுப் போனார். இதைக் காக்கா சோறு தின்றுகொண்டே எங்களுக்குச் சொன்னார். சிரிக்கவும் இல்லை.

சொந்தக்காரர்களுக்கும் இதே கதிதான். காக்காவின் கலியாணச் சாப்பாட்டில், பெரியம்மாவின் மகன் ஒருவன் அவரோடு ஒரே சஹனில், பலர் சேர்ந்து சாப்பிடும் ஒரு தட்டைச் சுற்றி, உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளையின் கை மீன் நாறுகிறது என்று சொல்லிக்கொண்டே எழும்பி வேறு சஹனுக்குப் போய்விட்டான். காலம் போனது. அவனுடைய தங்கச்சிக்குக் கலியாணம் வந்தது. காக்கா தானே முன்வந்து முதல்தரமான கொடுவா கொண்டுவந்து கொடுத்தார். ஒரு சதமும் வாங்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில், புதுச் சம்பந்திகள் சுற்றியிருக்க, அவனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சவர்க்காரம் கேட்டு வாங்கிக் கையைக் கழுவினார். துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினார். பிறகு அந்தக் கையை அவன் மூக்குக்கு நேரே நீட்டி, மணந்து பாருங்க தம்பி, இப்ப சாப்பிடலாமா என்று பணிவாகக் கேட்டார். அவன் சம்பந்திகளுக்கு முன்னால் அவர் கையை மணந்து பார்த்துத் தலையாட்டினான். எனக்கு அன்று நெய்ச்சோறு மிகவும் ருசியாக இருந்தது.

அவரை இளக்கத் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவர்தான். அது என் மதினி, காக்காவின் மனைவி. எங்கள் பக்கத்தில் பெண்ணுடைய வீட்டுக்குத்தான் மாப்பிள்ளை போய் இருப்பார். மதினியின் வீடு எனக்கு அடுத்த வளவு. முதலாளியின் விருந்தாளிகளுக்குச் சோறு கட்டுவது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான். காக்கா யாரைப் பற்றியாவது ‘இருக்கட்டும்’ என்று சொல்லிவிட்டு வந்த நாளில், மதினி சோற்றை மட்டும் போட்டுவிட்டு ஆணத்துச் சட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வார்.

“இருக்கட்டுமா, போகட்டுமா?” என்று கேட்பார்.

காக்கா கொஞ்ச நேரம் வெறுஞ்சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். பிறகு, சரி போகட்டும் என்பார். மதினி ஆணத்தை ஊற்றுவார். அப்படித் தப்பியவர்கள் ஊரில் எத்தனையோ பேர். தப்பினோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. வாயால் ‘போகட்டும்’ என்று சொல்லிவிட்டால் காக்கா அதை மீறமாட்டார். அந்த நேர்மை அவரிடம் இருந்தது.

எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு அடுத்த வருஷம் மதினிக்கு முதல் பிள்ளை. மாதம் நிறையவில்லை என்ற தைரியத்தில் காக்கா மேற்கே போயிருந்தார். முதலாளியிடம் கொழும்பிலிருந்து பெரிய உத்தியோகத்தர் ஒருவர் வந்திருந்தார், அவரைத்தான் கூட்டிப்போயிருந்தார். விடுதியைப் பெருப்பிக்கக் கடற்கரைக் காணி வேண்டும், அதற்கு அந்த மனிதரின் தயவு வேண்டும். துரை சந்தோஷமாகத் திரும்பவேண்டும், அதுவரை அவசரப்படாதே என்று முதலாளி காக்காவிடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

காக்கா போன மறுநாள் மதினிக்கு வலி கண்டது. மருத்துவிச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது என் கையில் இல்லை, கல்முனை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். என் புருஷன் முதலாளியிடம் ஓடினார். ஜீப் வேண்டும், காக்காவைக் கூப்பிட ஓர் ஆளும் போகவேண்டும் என்று கேட்டார். முதலாளி உடனே ஜீப்பைக் கொடுத்தார். அதை நான் இன்றைக்கும் மறுக்கமாட்டேன். ஆள் விஷயம் என் பொறுப்பு, சமையல்காரனைத் தோணியில் அனுப்பிவிட்டேன், பொழுதுபடுவதற்குள் உன் மச்சான் வந்துவிடுவான் என்றார். அதை நம்பி நாங்கள் வேறு யாரையும் அனுப்பவில்லை. நாங்கள் விட்ட பிழை அதுதான்.

ஆசுபத்திரியில் மதினி கதவைப் பார்த்தபடியே கிடந்தார். அவர் வந்திட்டாரா என்று என்னைக் கேட்பார். வாறார், வாறார் என்று சொல்வேன். பொய் என்று தெரியாமல் சொன்னேன். பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. விடிந்து கொஞ்ச நேரத்தில் மதினியும் போய்விட்டார்.

மையித்தை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எங்களில் ஜனாஸாவை வைத்துக்கொண்டிருப்பதில்லை. மத்தியான லுஹரோடு அடக்கிவிடலாம் என்றார்கள். முதலாளி வாசலில் நின்று, புருஷன் வந்துகொண்டிருக்கிறான், முகம் பார்க்காமல் அடக்காதீர்கள் என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். பின்னேரம் அஸர்வரை வைத்திருந்தோம். நான் முகத்தை மூடவிடாமல் பக்கத்திலேயே இருந்தேன். இனி வைக்கக்கூடாது என்று பள்ளி லெப்பை சொன்ன பிறகுதான் மூடினார்கள்.

காக்கா மறுநாள் மத்தியானம் வந்தார். மதினி ஆசைப்பட்டாரென்று ஒரு கொடுவாவை ஓலையில் கோர்த்துக் கையில் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் நடந்து வந்தார். வளவுக்குள் பந்தல் நின்றது. படலையடியில் நான் நின்றேன்.

“ஆர்ட கலியாணம் புள்ள?” என்று கேட்டார்.

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை. அந்த மீனை யார் வாங்கினார்கள், என்ன செய்தார்கள் என்பதும் நினைவில்லை. அவர் பந்தலுக்குள் வராமல் நேரே மையவாடிக்குப் போனார். அங்கே நனைந்த மண்ணுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தவரை என் புருஷன் போய்க் கூட்டிவந்தார்.

அன்றைக்கு மையித்து வீட்டுக்குச் சோறு முதலாளி வீட்டிலிருந்து வந்தது. கொண்டுவந்தவர் அவருடைய சமையல்காரர். சட்டியை அவர் இறக்கும்போது நான் கேட்டேன், நீங்கள் வாடிக்கு எப்போது போய்ச் சேர்ந்தீர்கள், ஏன் என் காக்காவைக் கூட்டி வரவில்லை என்று. அந்த மனிதருக்கு நான் கேட்டதே விளங்கவில்லை. அவர் விடுதியை விட்டு எங்கேயும் போகவில்லை. போகச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை.

காக்கா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எழும்பிச் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதலாளி வீட்டுக்கு நடந்தார். கொலை விழப்போகிறது என்று ஊரே பின்னால் போனது. நானும் போனேன். மறைக்கமாட்டேன், கொலை விழட்டும் என்றுதான் போனேன்.

முதலாளி காக்காவைக் கண்டதும் அழத் தொடங்கிவிட்டார். துரையின் மனம் கோணிவிடக்கூடாது என்று நினைத்தேன், இப்படி ஆகுமென்று தெரியாது, நீ வந்தும் என்ன செய்திருக்கலாம், அல்லாஹ்வின் நாட்டம் என்றெல்லாம் சொன்னார். காக்கா அவர் சொல்லி முடிக்கும்வரை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

“இருக்கட்டும் முதலாளி” என்றார்.

சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் மூச்சு வந்தது. முதலாளி அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில், சபூர், அதாவது பொறுமை, என்றால் என்ன என்பதற்குப் பள்ளியில் அவரைத்தான் உதாரணம் காட்டினார்களாம். எனக்கு மட்டும் அதன் அர்த்தம் தெரியும். இருக்கட்டுமா போகட்டுமா என்று கேட்க இனி ஒருவர் இல்லை. தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே மனுஷியையும் முதலாளி கபுறுக்குள் வைத்துவிட்டார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மனைவி இல்லாத வீட்டில் மாப்பிள்ளைக்கு இடம் இல்லை. காக்கா தன் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்கு, அதாவது என்னிடம், வந்துவிட்டார். நாற்பது நாள் கழிந்ததும் பழையபடி முதலாளியிடம் வேலைக்குப் போகத் தொடங்கினார். நான் அவரோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. முதலாளியின் ஜீப் எங்கள் ஒழுங்கையால் போகும்போதெல்லாம் நான் வாசலில் வந்து நின்று துப்புவேன். அந்த விடுதி பற்றி எரிவதாக எத்தனை தடவை கனவு கண்டிருப்பேன். கடைசியில் பொறுக்கமுடியாமல், உங்களுக்கு ரோசம் என்பதே இல்லையா காக்கா என்று கேட்டேன்.

“மீன் கொத்தின உடனே இழுக்கப்படாது தங்கச்சி” என்றார். “வாய் கிழிஞ்சி போயிரும். முழுங்கட்டும்.”

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

முதலாளியிடம் அவர் காட்டிய பணிவு வரவரக் கூடியது. விருந்தாளிகள் நிறைய மீனோடு திரும்பினார்கள். விடுதி பெருத்தது. கேட்ட காணியும் முதலாளிக்குக் கிடைத்தது. முதலாளி காக்காவைத் தம்பி என்று கூப்பிடத் தொடங்கினார். பெருநாளைக்குச் சாறன் எடுத்துக் கொடுப்பார். காக்கா இரண்டு கையாலும் வாங்கிக் கொண்டுவந்து என் புருஷனிடம் கொடுத்துவிடுவார். ஒன்றையும் உடுத்தமாட்டார்.

ஒரு நாள் முதலாளியின் மகளுக்கு வலி கண்டது. முதலாளி, ஜீப் பழுதென்று பஸ்ஸில், நெல் விஷயமாகச் சம்மாந்துறை மில்லுக்குப் போயிருந்தார். வீட்டில் பெண்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். காக்கா யாரும் சொல்லாமலே ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு, உச்சி வெயிலில் சம்மாந்துறைவரை மிதித்துப் போய், முதலாளியைக் கண்டுபிடித்து, வாடகைக் கார் பிடித்து ஏற்றி அனுப்பிவிட்டு, பின்னால் சைக்கிளில் வந்தார். முதலாளி நேரத்துக்கு வந்து மகளின் தலைமாட்டில் நின்றார். பேரனின் காதில் பாங்கு சொன்னதும் அவர்தான். சொல்லிவிட்டு வெளியே வந்து, வேர்த்து விறுவிறுத்து நின்ற காக்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் தேம்பித் தேம்பி அழுதார். நான் உனக்குச் செய்ததற்கு நீ எனக்கு இதைச் செய்கிறாயே என்றார். காக்கா, இருக்கட்டும் முதலாளி என்றார். ஊர் அவரை வலியுல்லாவாகவே, இறைநேசராகவே, ஆக்கிவிட்டது. அன்று மாலை வீட்டுக்கு வந்து, இரண்டு சட்டிச் சோறு தின்றார். மதினி போன பிறகு அவர் அப்படித் தின்று நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

பிறகு பிரச்சினைக் காலம், யுத்தக் காலம், வந்தது. வெள்ளைக்காரர்கள் வருவது நின்றது. கொழும்பு ஆட்களும் வரவில்லை. மேற்கே போகவே எல்லாரும் பயந்தார்கள். தோணிகள் களப்புக் கரையில் கவிழ்ந்து கிடந்தன. முதலாளி விடுதியைப் பூட்டிவிட்டு, வயதும் போகிறது என்று ஹஜ்ஜுக்குப் புறப்பட ஆயத்தமானார்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர் எங்கள் ஊரில் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம், அதாவது மன்னிப்பு, கேட்பார். அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அல்லாஹ் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதன்தான் பொருந்திக்கொள்ள வேண்டும். பொருந்திக்கொண்டேன் என்று அவன் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எத்தனை தரம் கஃபாவைச் சுற்றினாலும் அது கழுத்திலேயே கிடக்கும், மறுமையில், மஹ்ஷர் வெளியில், அவனிடமே போய் நிற்க வேண்டும். இது எங்கள் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

முதலாளி எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தார். வெள்ளை உடுத்து, அத்தர் பூசி, நாலைந்து பெரியவர்களோடு வந்தார். ஊரில் எல்லாரும் பொருத்தம் தந்துவிட்டார்கள் தம்பி, உன்னிடம்தான் பெரிய பொருத்தம் கேட்கவேண்டியிருக்கிறது என்று சொல்லிக் காக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். காக்கா அவரை உட்காரவைத்து, என்னிடம் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். இருக்கட்டும் முதலாளி, ஸலாமத்தாகப் போயிட்டு வாருங்கள் என்றார். கூட வந்த பெரியவர்கள் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். ஒருவருக்கும் அந்தச் சொல்லில் ஒன்று குறைகிறது என்று படவில்லை.

அவர்கள் போன பிறகு, ஹஜ்ஜுக்குப் போகிற மனிதருக்கு இப்படிச் சொல்லலாமா என்று நான் கேட்டேன். மதினிக்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள்தான். இருந்தும் ஹஜ் என்றதும் எனக்கும் பயம் வந்தது. காக்கா கோப்பைகளை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி என் கையில் தந்தார்.

“அவர் கேட்டாரு, நான் பதில் சொன்னன். விளங்கல்ல எண்டா அது என்ட குத்தமா?” என்றார்.

முதலாளி ஹாஜியாராகத் திரும்பி வந்தார். எங்களுக்கு ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் தனியாகக் கொண்டுவந்து தந்தார். முகமே மாறியிருந்தது. பாரம் இறங்கிய மனிதரின் முகம். வெளுத்து, சதை போட்டு, எந்நேரமும் ஒரு புன்சிரிப்பு. மனிதர் திருந்தித்தான் போனார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஏழைகளுக்குக் கொடுத்தார், பள்ளிக்குக் கிணறு கட்டினார். அவருடைய அந்தப் புன்சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அந்த வருஷக் கடைசியில் காக்கா படுக்கையில் விழுந்தார். ஈரலில் வருத்தம் என்றார்கள். உடம்பு வற்றி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. புத்தி மட்டும் கலங்கவில்லை. என் மகள் பாடம் சொல்லும்போது பிழைவிட்டால் படுத்தபடியே திருத்துவார். ஹாஜியார் நாள் தவறாமல் வந்து தலைமாட்டில் இருந்து யாஸீன் ஓதினார். சொந்தத் தம்பிக்கும் அப்படிச் செய்யமாட்டார்கள் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள்.

ஒரு நாள் காலை, வெயில் ஏறிய நேரம். ஹாஜியார் ஓதி முடித்துக் காக்காவின் மேல் ஊதினார். காக்கா கண்ணைத் திறந்தார். நான் பஞ்சை நனைத்து உதட்டில் தடவிக்கொண்டிருந்தேன். மற்ற எல்லாரும் வெளியே போகட்டும், ஹாஜியாரும் தங்கச்சியும் மட்டும் இருக்கட்டும் என்றார். போனார்கள். ஹாஜியார் குனிந்து காதைக் கொடுத்தார். காக்கா மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது.

“ஹாஜியார், நான் உங்களுக்குப் பொருத்தம் தரல்ல. அண்டைக்கும் தரல்ல, நீங்க ஹஜ்ஜுக்குப் போகக்குள்ளயும் தரல்ல. இப்பயும் தரல்ல. இனிக் கேக்கிற எண்டா மஹ்ஷர்லதான் கேக்கணும். அங்க நானும் அவளும் ஒண்டா நிப்பம்.”

ஹாஜியாரின் புன்சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. சொன்னது அவருக்குள் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு தம்பி தம்பி என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் விழுந்தார். ஒரு சொல் சொல்லு, ஒரே ஒரு சொல் என்று கெஞ்சினார். காக்கா அவரைப் பார்க்கவில்லை. முகத்தைக் கிப்லாப் பக்கம் திருப்பி, எனக்கும் அவருக்கும் நன்றாகக் கேட்கும்படி, ஒரு முஸ்லிமின் கடைசிச் சொல்லாக இருக்கவேண்டிய கலிமாவைச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வேறு சொல் வரவில்லை. லுஹர் பாங்கு சொல்லும்போது மௌத்தானார்.

இவ்வளவு வருஷமும் அவர் அந்தச் சொல்லை எங்கே வைத்திருந்தார், அந்த நேரத்துக்கென்றுதான் வைத்திருந்தாரா என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். முன்னாலேயே சொல்லியிருந்தால் ஹாஜியார் காலில் விழுந்து, ஊரைக் கூட்டி, எப்படியாவது பொருத்தத்தை வாங்கியிருப்பார். திரும்பக் கேட்பதற்கு இடமில்லாத நேரமாகப் பார்த்துத்தான் காக்கா தூண்டிலை இழுத்தார். அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையும் பயமும் ஒன்றாகத்தான் வரும்.

ஏழாம் நாள் கத்தம் எங்கள் வீட்டில் நடந்தது. ஆண்கள் மண்டபத்தில் இருந்தார்கள், நாங்கள் பெண்கள் திரைக்குப் பின்னால். ஓதி முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால் ஹாஜியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தம்பி எப்படிப்பட்ட மனிசன் என்று நாலு வார்த்தை சொல்கிறேன் என்று தொடங்கினார். சைக்கிளில் சம்மாந்துறை வந்த கதையைச் சொன்னார். சபூரைப் பற்றிச் சொன்னார். பிறகு குரல் தழுதழுக்க இதையும் சொன்னார்.

“கடைசி நேரத்தில என்ட கையப் பிடிச்சி, பொருந்திக்கிட்டன் ஹாஜியார் எண்டு சொல்லிப்போட்டுத்தான் தம்பி கண்ண மூடினான்.”

ஆண்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். ஜனாஸா வாசலில் நின்று, புருஷன் வந்துகொண்டிருக்கிறான் என்று சொன்னதும் இதே குரல்தான். என் கால் என்னைக் கேட்காமலே எழும்பியது. திரையை விலக்கிக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றேன். என் புருஷன் கண்ணால் உள்ளே போ என்றார். நான் போகவில்லை. அண்டைக்கு அந்த அறைக்குள் நானும் நின்றேன் ஹாஜியார் என்று தொடங்கி, காக்கா சொன்னதை, அவர் சொன்னபடியே, ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். ஹாஜியார் என்னைப் பார்க்காமல் மற்றவர்களைப் பார்த்து, துக்கத்தில் இருக்கிற பிள்ளை, பாவம் என்றார். அப்படி ஏதும் வந்திருந்தாலும் அது சீக்காளி புத்தி தடுமாறிச் சொன்ன கதை, அதைத் தூக்கிப் பிடிக்கக்கூடாது என்றார்.

“அதச் சொன்ன மறுகா காக்கா கதைச்சது கலிமா மட்டுந்தான்” என்றேன். “அதே வாய், அதே மூச்சு. அது புத்தி தடுமாறிச் சொன்னதெண்டா கலிமாவையும் புத்தி தடுமாறித்தான் சொன்னாரெண்டு சொல்லுங்க ஹாஜியார். எல்லாரும் இருக்காங்க, சொல்லுங்க.”

யாரால் சொல்ல முடியும்? ஒரு மையித்தின் கலிமா கணக்கில்லை என்று சொல்ல எந்த முஸ்லிமுக்கு நாக்கு எழும்பும்? லெப்பை தலையைக் குனிந்துகொண்டார். ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அத்தனை பேரும் பார்க்க, வாய்விட்டு அழத் தொடங்கினார். தாடியெல்லாம் நனைந்தது. யாரும் கிட்டப் போகவில்லை. நான் அவர் அழுது முடிக்கும்வரை படியில் நின்று பார்த்தேன். எனக்குப் போதவில்லை.